என்னட்ட விடு, புள்ள

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். எனக்கு இருபத்தெட்டு. ஒஸ்லோவில் எங்கள் ஆட்களுக்குள் அந்த வயதுப் பெண்ணை அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போன முதல் நாள் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். "அக்கா எண்டு கூப்பிடு, திரும்பிப் பாக்கிறன்" என்றார். அன்றிலிருந்து அக்கா. பெயரை எழுத எனக்கு மனமில்லை. அவரால் நன்மை பெற்றவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

அது வறிய நாடுகளின் சுகாதாரத் திட்டங்களை ஆராய்ந்து, அவை பயன் தந்தனவா என்று எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனம். நான் புள்ளிவிபரம் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். அக்கா மூத்த ஆய்வாளர். மட்டக்களப்பில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக இருந்தவர். நோர்வேக்கு வந்து முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்து, மொழி படித்து, மறுபடி பல்கலைக்கழகம் போய் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவர். இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரியாது. நாங்கள் குடியிருந்த வெஸ்ட்லியில் என் அம்மா யாரிடமோ விசாரித்து வந்து சொன்னது.

முதல் வாரமே என் சப்பாத்தைப் பார்த்தார். "இதப் போட்டுக்கொண்டா பனிக்குள்ள நடக்கிறாய்?" அடுத்த நாள் என் மேசையில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே குளிர்காலச் சப்பாத்து, அரை அளவு பெரிது. கம்பளிக் காலுறை போட இடம் வேண்டுமாம். என் கால் அளவை அவர் என்னிடம் கேட்கவில்லை. கண்ணால் பார்த்து எடுத்திருந்தார். சரியாக இருந்தது. விலை கேட்டால், "அத என்னட்ட விடு, புள்ள" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவார். யாருக்காவது விசாச் சிக்கல் என்றால் என்னட்ட விடு. யாருடைய பிள்ளைக்காவது பள்ளிக்கூடத்தில் பிரச்சினை என்றால் என்னட்ட விடு. மதிய இடைவேளையில் தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகப் பிரித்து எங்கள் கையில் வைப்பார். வேண்டுமா என்று கேட்க மாட்டார். எங்கள் நோர்வீஜிய இயக்குநரும் சின்னப் பிள்ளைபோல வாங்கிச் சாப்பிடுவார். நான் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பவள். அவர் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பார். இரண்டு மாதத்தில் நானும் மறுகா, மறுகா என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். அம்மா, "ஆர் உனக்கு இப்பிடிக் கதைக்கப் பழக்கினது?" என்று சிரித்தார்.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்ய ஒரு சோமாலியப் பெண் பின்னேரங்களில் வருவாள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறாளே என்று அக்கா இரக்கப்பட்டார். துப்புரவுக் கம்பனிக்குத் தானே கடிதம் எழுதி, அவளுக்குக் காலை வேலை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். பின்னேரங்களில் கணவன் வீட்டில் நிற்பான், அதனால்தான் அந்த நேரத்தைக் கேட்டு எடுத்தாளாம். இப்போது காலையில் இரண்டு பிள்ளைகளும் தனியாக உடுத்துப் பள்ளிக்கூடம் போகிறார்களாம்.

நான் அக்காவிடம் சொன்னேன்.

"பழகிரும், புள்ள. காலம வேலதான் உடம்புக்கு நல்லம்."

"அவவை ஒருக்கால் கேட்டிருக்கலாம் அக்கா."

"கேட்டா வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பா. ஏழைகளுக்குத் தங்களுக்கு எண்டு ஒண்டு கேக்கத் தெரியாது."

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். அக்கா உண்மையாகவே கவலைப்பட்டார். வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும் என்றும் நம்பினார்.

சுனாமிக்கு அடுத்த வருடம்தான் ஆபிரிக்க நாடான மலாவியின் கதை தொடங்கியது. அக்காவின் தங்கை மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டையும் ஒரு மகனையும் இழந்து முகாமில் இருந்தார். அவரிடம் ஒவ்வொரு கிழமையும் யாராவது படிவத்தோடு வந்து அதே கேள்விகளைக் கேட்டார்களாம். பிள்ளையின் வயது என்ன, கடைசியாக எங்கே பார்த்தீர்கள். ஒருவரும் திரும்பி வந்து, நீங்கள் சொன்னதை இப்படி எழுதினோம் என்று காட்டவில்லையாம். அக்கா அதை என்னிடம் சொன்ன நாளில் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் எங்கள் புத்தக அலுமாரியைத் திறந்தார்.

"பார், புள்ள. மலாவிப் பிள்ளைகள்ற நோயைப் பத்தி எழுதினது எல்லாம் ஒஸ்லோவில நம்மட அலுமாரிக்குள்ள கிடக்கு. அங்க ஒருத்தரிட்டயும் ஒரு பிரதி இல்ல. இது நாயமா?"

அங்கேயே ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்க வேண்டும், அந்த நாட்டு ஆட்களே கேள்வியை எழுதி, அவர்களே கேட்டு, அவர்களே மதிப்பிட வேண்டும் என்று அவர் திட்டம் எழுதினார். முதல் விதியைத் தன் கையாலேயே எழுதினார். எழுதப்படும் எதுவும், அதைச் சொன்னவர்களுக்குத் திரும்ப வாசித்துக் காட்டப்படும். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இப்படியொருவரோடு வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

ஒஸ்லோவில் இருந்த ஓர் உதவி அமைப்பு பணம் தர முன்வந்தது. அந்த அமைப்பு மலாவிக் கிராமங்களில் சுகாதார நிலையங்களுக்குப் பக்கத்தில் தங்குவீடுகள் கட்டியிருந்தது. தூரத்துக் கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் வந்து தங்கி, அங்கேயே பிள்ளை பெறுவதற்கு. அந்த வீடுகள் பயன்படுகின்றனவா என்று பார்ப்பதுதான் புதிய நிறுவனத்தின் முதல் வேலை. அது நன்றாக முடிந்தால் ஐந்து வருடங்களுக்கு நிறுவனத்தைத் தாங்குவதாகச் சொன்னார்கள்.

நானும் அக்காவும் போனோம். சோளம் அரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் வாடகைக்கு எடுத்தோம். எப்போதும் மேசையில் மெல்லிய மாவு படிந்திருக்கும். அங்கே எங்களுக்குக் கிடைத்தவள் மேர்சி. அவளும் மருத்துவமாது, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சத்தமாகச் சிரிப்பாள், ஆனால் கேள்வி கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். அக்கா அவளைப் பார்த்த அன்றே என் காதில், "இவதான் தலைவி" என்றார். மேர்சியிடம் சொல்ல முன்பே ஒஸ்லோவுக்கு அப்படி எழுதியும் விட்டார். நல்லவேளை, மேர்சிக்கும் அது விருப்பமாக இருந்தது.

பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி நடந்தது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என் கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யவில்லை, அக்காவினுடையது வேலை செய்தது. பயிற்சி முடிந்த அன்று பின்னேரம், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்:

"உன்ட அப்பாவுக்கு முந்தநாள் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில விட்டு, இப்ப வீட்ட வந்திட்டார். சுகமா இருக்கிறார்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "முந்தநாளோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்? அழுதுகொண்டு பிளேன் தேடியிருப்பாய். நீ இல்லாம இந்தப் பயிற்சி நடந்திராது. உன்ட அம்மாவோட நாலு தரம் கதைச்சன். டொக்டரோடயும் கதைச்சன். எல்லாம் நான் பாத்தன்."

அன்று நான் கோபத்தோடு அறைக்குப் போனேன். காலையில் அப்பாவின் குரலைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. அக்காவிடம் போய், "நீங்கள் செய்தது சரி அக்கா, தாங்ஸ்" என்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டார். அந்த நன்றியைப் பின்னர் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தங்குவீடுகளுக்கு மேர்சியின் ஆட்கள் போய் வந்தார்கள். பல வீடுகளில் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. ஏன் வருவதில்லை என்று பெண்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அங்கே சாப்பாடு இல்லை. வயிற்றோடு தண்ணீர் சுமக்கவும் முற்றம் கூட்டவும் சொல்கிறார்கள். புதுத்துணியும் வாளியும் கொண்டு வராதவர்களை வாசலிலேயே ஏசித் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி போகும் வழியில் வீதியோரம் பிள்ளை பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. அவளோடு கதைக்க மேர்சியே போனாள், நானும் போனேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பெண் ஒன்று கேட்டாள். மேர்சி எனக்கு மொழிபெயர்த்தாள்.

"இதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று கேட்கிறாள்."

மேர்சி அவளுடைய கையைப் பிடித்து நீண்ட நேரம் ஏதோ சொன்னாள். நீ சொன்னபடியே எழுதுவோம், எழுதியதை உன்னிடம் கொண்டுவந்து வாசிப்போம் என்று சொன்னாளாம்.

ஒஸ்லோ திரும்பிய பிறகு நானும் மேர்சியும் அறிக்கையின் நான்காம் அதிகாரத்தை மாதக்கணக்காக எழுதினோம். அவள் அங்கிருந்து அனுப்புவாள், நான் அட்டவணைகளோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். பெண்கள் சொன்னது முழுக்க அந்த அதிகாரத்தில்தான் இருந்தது. அக்கா வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீங்க ரெண்டு பேரும்" என்றார். வீதியோரப் பெண்ணின் பக்கத்தை மறுபடி திருப்பி வாசித்தார். அது நடிப்பென்று இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

உதவி அமைப்பிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். நான்காம் அதிகாரம் மிகவும் சுவாரசியமானது என்றார். நோர்வேயில் பிறந்து வளராவிட்டாலும், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அறியும் அளவுக்கு நான் இங்கே இருந்திருக்கிறேன்: இது வேண்டாம் என்பதுதான். அவர் போன பிறகு அக்காவைப் பார்த்தேன்.

"நீ ரொறன்ரோவுக்குப் போகோணும் எண்டாயே, மச்சாள்ற கலியாணத்துக்கு. போயிற்று வா. அச்சுக்குக் குடுக்கிறத நான் பாக்கிறன். என்னட்ட விடு."

விட்டேன். மூன்று கிழமை நின்று, சேலை கட்டி, படம் எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு வந்தேன்.

நிறுவனத்தைத் தொடங்கிவைக்கும் விழா நவம்பரில் ஒஸ்லோவில் வைத்தார்கள். மலாவியில் தொடங்கும் நிறுவனத்துக்கு ஏன் ஒஸ்லோவில் விழா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மேர்சி வந்திருந்தாள். அவளுக்கு அக்கா முழங்கால்வரை வரும் கோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். முதல்நாள் நான் அவளைக் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். மரவள்ளிக்கிழங்கையும் பச்சை மிளகாயையும் கண்டதும், "இங்கே நான் செத்துப்போக மாட்டேன்" என்று சிரித்தாள்.

மண்டபத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். வாசலில் அறிக்கையை அடுக்கி வைத்திருந்தார்கள், நல்ல பளபளப்பான அட்டை. மேர்சி ஒன்றை எடுத்து நின்றபடியே புரட்டினாள். பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினாள். என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம்.

"நான்காம் அதிகாரம் எங்கே?"

நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன். வாங்கிப் பார்த்தேன். நான்காம் அதிகாரம் இருந்தது. இரண்டு பக்கம். தங்குவீடுகளுக்காகப் பெண்கள் நன்றி தெரிவித்ததாகவும், சிலர் உணவு வசதியை மேம்படுத்தலாம் என்று கருதியதாகவும் எழுதியிருந்தது. வீதியோரத்தில் பிள்ளை பெற்றவள் அதில் எங்கேயும் இல்லை. முன்பக்கத்தில் மேர்சியின் பெயரும் என் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. அக்காவின் பெயர் இல்லை. எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று மேர்சி கேட்டாள்.

"இல்லை."

அவள் என் முகத்தை, கேள்வி கேட்கும்போது பார்ப்பதுபோல, கண்ணெடுக்காமல் பார்த்தாள். அதற்குள் அக்கா வந்துவிட்டார். மேர்சியின் சால்வையைத் தோளில் சரிசெய்தார். தாழ்ந்த குரலில், "பன்னிரண்டு பேருக்கு ஐந்து வருடச் சம்பளம். முதலில் அது. மற்றதைப் பிறகு பேசலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேர்சி மேடைக்குப் போனாள். உதவி அமைப்போடு செய்யும் ஐந்து வருட ஒப்பந்தமும் பேனாவும் மேசையில் தயாராக இருந்தன. அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கோட்டுக்கும் நன்றி சொன்னாள், சிலர் சிரித்தார்கள். பிறகு சொன்னாள்: "எழுதியதை வாசித்துக் காட்டுவேன் என்று பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தை அவர்களுக்கு என்னால் வாசிக்க முடியாது. ஆகவே இந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை."

இறங்கி வந்தாள். மண்டபத்தில் யாரோ கைதட்டத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள். நானும் எழும்பியிருக்க வேண்டும். என் பெயரும் அந்த அட்டையில் இருந்தது, எனக்கும் அங்கே சொல்வதற்கு ஒன்று இருந்தது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம், லோறென்ஸ்கூக்கில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் பேருந்தில் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்றார். மீன்சொதி கொதித்துக்கொண்டிருந்தது. நான் கோட்டைக் கழற்றவில்லை.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து இருந்தார். "சொல்லியிருந்தா ஒத்துக்கொண்டிருப்பியா?"

"இல்லை."

"அதாலதான் சொல்லல்ல."

"அது என்ர பேர் அக்கா."

"அஞ்சு வருசம் கிடைச்சிருக்கு, புள்ள. அந்த அதிகாரம் அப்பிடியே அச்சில போயிருந்தா அந்த ரெண்டு அறையும் பூட்டியிருப்பாங்க. மறுகா ஆர் அந்தப் பொம்புளைகளிட்டப் போய்க் கேப்பாங்க? முதல் நிறுவனம் நிக்கட்டும். மறுகா அவங்க எத வேணுமெண்டாலும் எழுதட்டும்."

"உங்கட தங்கச்சியிட்ட வந்து கேட்டவையும் இப்பிடித்தானே நினைச்சிருப்பினம்."

இதைச் சொல்ல வேண்டுமென்று நான் நினைத்து வரவில்லை. அவர் முகம் மாறியது. எழும்பிப் போய் அடுப்பை அணைத்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"உன்ட அப்பாவுக்கு வருத்தம் எண்டு ரெண்டு நாள் மறைச்சன். நீ மற்ற நாள் காலம வந்து தாங்ஸ் சொன்னாய். எனக்கு அது ஞாபகம் இருக்கு."

இன்றைக்கும் அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சாப்பிடாமல் வெளியே வந்து, தரிப்பிடத்தில் பேருந்துக்காக நின்றபோதுதான் அழுகை வந்தது. எனக்கு அவர் வேலை பழக்கியவர். யார் சொன்னாலும் ஆதாரத்தைக் காட்டு என்று கேட்கச் சொன்னவரும் அவர்தான்.

என் பெயரை நீக்கச் சொல்லி எழுதினேன். இணையத்திலிருந்த பிரதியில் நீக்கினார்கள். அச்சடித்தவை அப்படியே இருந்தன. வசந்தத்தில் வேலையை விட்டேன். மலாவி நிறுவனம் வேறொருவரைத் தலைவராகப் போட்டுத் தொடங்கப்பட்டது. நியாயமாகச் சொன்னால், அது பிறகு சில நல்ல ஆய்வுகளைச் செய்தது. அக்கா சொன்னது நடந்தது என்றும் சொல்லலாம். மேர்சி பிரசவ விடுதிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

நெடுநாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உனக்குத் தெரியுமா என்று கேட்டபோது நான் சொன்ன பதிலை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது: பழைய நான்காம் அதிகாரத்தை அனுப்ப முடியுமா? அன்றே அனுப்பினேன். அவள் அதைத் தன் மொழியில் எழுதி, விடுப்பு நாட்களில் கிராமங்களுக்குப் போய் வாசித்திருக்கிறாள். வீதியோரத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் வாசித்தாள். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு பிழை சொன்னாளாம். அது செவ்வாய்க்கிழமை இல்லை, புதன்கிழமை. திருத்தச் சொன்னாளாம்.

நான் கோப்பைத் திறந்து திருத்தினேன். ஒரு பிரதி அச்செடுத்து, கடிதம் எதுவும் வைக்காமல், லோறென்ஸ்கூக் முகவரிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

இரண்டு வருடங்கள் கழிந்து, குறொன்லாண்டில் ஒரு மரக்கறிக் கடையில் அக்காவைக் கண்டேன். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார், இடையில் பிறந்த என் மகளின் பெயரைக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"நான் அனுப்பினது கிடைச்சதோ அக்கா?"

"கிடைச்சது."

"வாசிச்சீங்களோ?"

அவர் ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து, பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இல்ல, புள்ள. மேல தலைப்பப் பாத்தன், மூடி வச்சிட்டன். அதத் திரும்ப வாசிச்சா மறுகா நான் எப்பிடி இருக்கிறது?"

பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் பையைக் கட்டிக்கொண்டு காசு கொடுக்கும் இடத்துக்குப் போனார். நான் அவர் வெளியே போகும்வரை கருவேப்பிலை அடுக்குக்கு முன்னால் நின்றேன்.